ஏஎல்பி 151: ஈரலா, எலும்பா?

9 யூன் 2024, ஞாயிறு

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டது: "வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தேன். அல்கலைன் பொஸ்பட்டேஸ் 151. மேல் எல்லை 129 என்று போட்டிருக்கிறார்கள். மற்ற ஈரல் பரிசோதனைகள் எல்லாம் சரி, ஜிஜிடி 21. குடிப்பதில்லை, வயது 34. கூகுளில் தேடினால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. இது ஈரலா, எலும்பா?"

எலும்பு. அல்கலைன் பொஸ்பட்டேஸ், சுருக்கமாக ஏஎல்பி, குருதியில் அளக்கும் ஒரு நொதியம் (என்சைம்). ஈரலிலிருந்து ஏஎல்பி கூடினால் ஜிஜிடி என்ற இன்னொரு ஈரல் நொதியமும் கூட வரும், உங்களுக்கு வரவில்லை. இந்த நொதியத்தைச் செய்ய ஈரலுக்கு ஒரு பரம்பரையலகு (ஜீன்), எலும்புக்கு இன்னொன்று. கருவி இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. வைட்டமின் டி பாருங்கள். காலை ஏழரைக்கு 101 பஸ்ஸில் ஏறி, ஏசி அறையில் இருந்துவிட்டு, பொழுதுபட்டு இறங்குகிறவர்களுக்கு வெயில் ஊரில் இருந்தும் டி குறைகிறது. ஆய்வுகூடத்தில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

10 யூன், காலை

நேற்றிரவு எழுதியதில் ஒரு வரி பிழை. உயிரியல் படிப்பிக்கும் ஒருவர் தனிமடலில் குட்டிவிட்டார். ஈரலுக்கும் எலும்புக்கும் தனித்தனிப் பரம்பரையலகு இல்லை, இரண்டுக்கும் ஒன்றுதான். 31 வருடக் கதையை ஏன் எடுத்தேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

10 யூன், இரவு

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன்.

மனிதனில் இந்த நொதியத்துக்கு நான்கு பரம்பரையலகுகள். மூன்று இரண்டாம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) நுனிப் பக்கமாக, ஒரே வளவுக்குள் கட்டிய சகோதரர் வீடுகள் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சிறுகுடலுக்கு, ஒன்று சூல்வித்தகத்துக்கு (நஞ்சுக்கொடி), ஒன்று இனக்கலங்களுக்கு. ஒரு மூதாதைப் பரம்பரையலகு இரட்டித்து இரட்டித்து வந்தவை என்பதால் இந்த மூன்றின் புரதங்களும் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. நான்காவது மட்டும் தூரத்தில், முதலாம் நிறமூர்த்தத்தில் தனிக்குடித்தனம். மற்ற மூன்றோடு அதன் ஒற்றுமை பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். ஈரல், எலும்பு, சிறுநீரகம் எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்தத் தனிக்குடித்தனக்காரர்.

அப்படியானால் ஈரல் வடிவம், எலும்பு வடிவம் என்று நாங்கள் பிரித்துச் சொன்னது என்ன? புரதச் சங்கிலி ஒன்றுதான். அதன்மேல் ஒட்டும் சர்க்கரைகள் இழையத்துக்கு இழையம் வேறு. பரம்பரையலகின் தொடக்கத்தில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. எலும்புக் கலம் பெரும்பாலும் ஒன்றால் நுழையும், ஈரல் கலம் மற்றதால். வாசல் துண்டு புரதத்தில் வருவதில்லை, ஆகவே எந்த வாசலால் போனாலும் உள்ளே சமைப்பது ஒரே கறி. தாளிதம்தான் வேறு. (படிப்பிக்கிறவர் இந்த உவமைக்கும் குட்டுவார். குட்டட்டும்.)

அது செய்யும் வேலை எளிமையானது: பொஸ்பேற்றுக் கூட்டத்தை வெட்டி எடுப்பது. 1923இல் லண்டனில் றொபர்ட் றொபிசன் எலும்பாக மாறிக்கொண்டிருக்கும் குருத்தெலும்பில் இதைக் கண்டார். எலும்பில் கல்சியம் படிவதைப் பைரோபொஸ்பேற்று தடுத்துக்கொண்டிருக்கும், நொதியம் அதை உடைத்து வழிவிடும்.

ஆய்வுகூடத்தில் நாங்கள் பார்ப்பதும் அதே வெட்டைத்தான். பரா நைட்ரோபீனைல் பொஸ்பேற்று என்ற சோதனைக் கரைசல் நிறமில்லாத தண்ணீர் போல இருக்கும். அதற்குள் சீரத்தில் (கலங்களை நீக்கிய குருதி நீரில்) ஒரு துளி விழுந்ததும் பொஸ்பேற்று கழன்று, மெல்ல மெல்ல மஞ்சள் ஏறும், மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்த அந்த மஞ்சள். எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறது என்பதைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. குடலிலிருந்து வந்ததா எலும்பிலிருந்து வந்ததா என்று அந்த மஞ்சளுக்குத் தெரியாது. உங்கள் 151க்கும் தெரியாது.

12 யூன்

"பிரித்துப் பார்க்க வழியே இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இருக்கிறது. மின்புலத்தில் ஜெல்லில் ஓடவிடலாம். எலும்பு வடிவத்தின் சர்க்கரையைக் கோதுமை முளையின் லெக்டின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும், அதை வைத்தும் பிரிக்கலாம். லெவமிசோல் ஈரல்-எலும்பு வகையை அடக்கும், குடல் வகையையும் சூல்வித்தக வகையையும் அவ்வளவாகத் தொடாது. அதே லெவமிசோலைத்தான் ஒரு காலம் பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்தாகக் கொடுத்தார்கள்.

எங்கள் காலத்து வழி சூடு. சீரத்தை 56 பாகையில் பத்து நிமிடம் வைத்தால் எலும்பு வடிவம் பெரும்பாலும் செத்துவிடும், ஈரல் வடிவம் ஓரளவு தாங்கும். சூல்வித்தக வடிவம் 65 பாகையிலும் அசையாது.

இதில் என் கதை ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு தனியார் ஆய்வுகூடம், நீர்த்தொட்டி என் பொறுப்பு. ஒரு வாரம் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் எலும்பு ஏஎல்பி. மஞ்சள்காமாலையோடு வந்த ஒருவருக்கும் எலும்பு! வைத்தியர் தொலைபேசியில் கத்திய பிறகுதான் இன்னொரு வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். தொட்டி 58இல் நின்றது. இரண்டே பாகை. அந்தச் சூட்டில் ஈரல் வடிவமும் சேர்ந்து செத்துப்போக, எல்லாம் எலும்பு போலத் தெரிந்திருக்கிறது. இருபத்துமூன்று றிப்போட்களைத் திருப்பி எடுத்தோம். முதலாளி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

13 யூன்

தம்பி, மூன்று கேள்வி. உங்கள் குருதி வகை என்ன? அன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டீர்கள்? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் குருதி எடுத்தார்கள்?

14 யூன்

அவர் பதில்: "ஓ பொசிட்டிவ். ஏழு மணிக்குக் காலி வீதியில் மட்டன் றோல்ஸ் இரண்டும் பால் தேத்தண்ணியும். பத்தரைக்குக் குருதி எடுத்தார்கள். இதற்கெல்லாம் வெறும்வயிறு தேவையில்லை என்று கவுண்டரில் சொன்னார்கள்."

கவுண்டரில் சொன்னவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சீனிக்கும் கொழுப்புக்கும் வெறும்வயிறு, ஈரல் பரிசோதனைக்கு எப்படியும் வரலாம் என்று நானே எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

9ஆம் திகதி நான் எழுதியதன் ஓட்டை இங்கேதான். ஜிஜிடி சரியாக இருந்தால் "ஈரல் இல்லை" என்று சொல்லலாம். "எலும்பு" என்று சொல்ல முடியாது. நடுவில் குடல் நிற்கிறது. குடல் வடிவம் கூடினாலும் ஜிஜிடி அசையாது.

கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனதும் சிறுகுடல் தன் நொதியத்தை நிணநீர் வழியாகக் குருதிக்குள் விடுகிறது. சில மணி நேரத்துக்கு எண் ஏறி நிற்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது. குருதி வகை ஓ அல்லது பி, அதோடு 'சுரப்போர்', இந்த இரண்டும் சேர்ந்தவர்களில்தான் நன்றாக ஏறும். தங்கள் குருதி வகைப் பொருளை எச்சிலிலும் குடற்சளியிலும் விடுகிறவர்களைத்தான் சுரப்போர் என்கிறோம். ஏ வகைக்காரரில் ஏற்றம் மிகச் சிறிது. ஏ வகைச் சிவப்புக் கலங்கள் குடல் நொதியத்தைத் தம்மேல் ஒட்டவைத்து வைத்திருப்பதாக ஒரு விளக்கம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். நொதியத்தின் பரம்பரையலகு இரண்டாம் நிறமூர்த்தத்தில். குருதி வகை ஒன்பதாவதில். சுரப்பதா இல்லையா என்பது பத்தொன்பதாவதில். மூன்றும் தனித்தனி ஊர், தனித்தனியாகப் பெற்றோரிடமிருந்து வருபவை. மூன்றும் சேர்ந்துதான் பத்தரை மணிக்கு உங்கள் எண் என்ன என்று தீர்மானிக்கின்றன. நாலாவது ஆள் றோல்ஸ் கடைக்காரர்.

எவ்வளவு ஏறும்? வழக்கமாகச் சொல்வது 30 அலகு வரை. உங்களுக்கு எல்லைக்கு மேல் 22தான்.

14 யூன், இன்னும் கொஞ்சம்

உடனே சந்தோசப்பட வேண்டாம். இது ஊகம். வெறும்வயிற்றில் திருப்பி எடுங்கள்.

16 யூன், ஞாயிறு

ஊகம் என்று எழுதிவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பி. மனைவி ஏ. நேற்றுக் காலை இருவரும் வெறும்வயிற்றில் போய்க் குருதி கொடுத்தோம். மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, எண்ணெய் மிதக்க மிதக்க, புட்டோடு. நாலு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி.

நான்: 82, பிறகு 99.
மனைவி: 71, பிறகு 72.

இரண்டு பேரை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது, தெரியும். மனைவி சொன்னது: "முப்பது வருசம் ஊராற்ற ரத்தம் எடுத்தது காணாதெண்டு இப்ப என்ர ரத்தம்." பிள்ளைகளுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை.

17 யூன்

ஒருவர்: "அப்ப ஓ வகைக்காரர் எல்லாம் இறைச்சியை விட வேண்டுமா?" இல்லை ஐயா. அது நோயே இல்லை. உங்கள் குடல் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். தேங்காய்ப்பால் சொதியும் கொழுப்புத்தான், சைவக்காரருக்கும் ஏறலாம்.

18 யூன்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்: "மகளுக்கு மூன்று வயது. முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. றிப்போட்டில் ஏஎல்பி 58, எல்லைக்குள் என்கிறார்கள். நீங்கள் கூடினதைப் பற்றியே எழுதுகிறீர்கள், குறைந்தால் ஒன்றுமில்லையா?"

நல்ல கேள்வி. முதலில், அந்த 'எல்லைக்குள்' வளர்ந்தவர்களின் எல்லை. பிள்ளைகளின் எலும்பு வளர்ந்துகொண்டிருப்பதால் அவர்களுக்கு எண் பெரியவர்களின் இரண்டு மூன்று மடங்கில் நிற்கும். மூன்று வயதுக்கு 58 குறைவு. பெரியவர்களின் எல்லையைப் பிள்ளையின் றிப்போட்டில் அச்சடிக்கும் பழக்கத்தோடு நான் கன காலம் சண்டை பிடித்தேன், வெல்லவில்லை.

அந்த முதலாம் நிறமூர்த்தப் பரம்பரையலகு பழுதானால் வரும் நோய்க்கு ஹைப்போபொஸ்பட்டேசியா என்று பெயர். கனடாவில் ராத்பன் என்ற வைத்தியர் 1948இல் பெயர் வைத்தார். பைரோபொஸ்பேற்று உடையாமல் தேங்குகிறது, எலும்பும் பல்லும் இறுகுவதில்லை. பாற்பல் ஐந்து வயதுக்கு முன்பே, வேர் கரையாமல் முழுதாக விழுவது அதன் பெயர்போன அடையாளம். கடுமையான வடிவம் பிறக்கும்போதே தெரியும், லேசான வடிவம் பல்லோடு நின்றுவிடும். நொதியம் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வேலை செய்வது. ஆகவே சில மாற்றங்களில், ஒரு பெற்றோரிடமிருந்து வந்த பழுதான துண்டு மற்றவரின் நல்ல துண்டோடு சோடி சேர்ந்து அதையும் முடக்கும். அதனால்தான் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது, சிலவற்றில் பெற்றோர் இருவரும் சுகமாக இருக்கப் பிள்ளைக்கு வருகிறது. 2015 முதல் இதற்கு ஊசி மருந்து இருக்கிறது, செயற்கையாகச் செய்த அதே நொதியம், எலும்பில் ஒட்டும்படி ஒரு வால் வைத்து.

பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி6 அளவு பார்க்கச் சொன்னால், வீட்டில் கொடுக்கும் வைட்டமின் பாணியைப் பற்றி அவரிடம் முதலே சொல்லுங்கள். இந்த நோயில் பி6 கூடும், பாணி குடித்தாலும் கூடும். இரண்டும் குழம்பிவிடும்.

19 யூன், விடியற்காலை

நித்திரை வரவில்லை. நேற்று முதலில் கேட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டு ஒரு அரிய நோயை எடுத்து அந்தத் தாயைப் பயமுறுத்திவிட்டேன். அம்மா, அதே றிப்போட்டில் கல்சியமும் பொட்டாசியமும் இருக்கின்றனவா?

19 யூன், மத்தியானம்

இருக்கிறது. கல்சியம் குறைவு, பொட்டாசியம் கூட. பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறாளாம்.

ஊதா மூடிக் குழாய்! குருதி எடுக்கும் அந்தக் குழாயில் இருப்பது பொட்டாசியத்தோடு சேர்ந்த ஈடிடிஏ, குருதி உறையாமல் வைப்பதற்கு. ஏஎல்பி நாகமும் (துத்தநாகம்) மக்னீசியமும் இல்லாமல் வேலை செய்யாது. ஈடிடிஏ அவற்றைப் பிடுங்கிக்கொள்ளும், கல்சியத்தையும் சேர்த்து. ஊதாக் குழாயிலிருந்து மற்றக் குழாய்க்குக் கொஞ்சம் ஊற்றினால் போதும், சின்னப் பிள்ளையில் குருதி வராமல் திண்டாடும்போது அப்படி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருதரம் செய்திருக்கிறேன். ஏஎல்பி 6 வந்தது. அந்தப் பொட்டாசியத்துக்கு ஆள் உயிரோடு இருக்கவே முடியாது. அவரோ வெளியே வாங்கில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

திருப்பி எடுங்கள். சரியான குழாயில், அதை முதலில் நிரப்பி.

20 யூன்

தாயாகப் போகிற ஒருவருக்கும் பதில்: எட்டாம் மாதத்தில் 240 என்றால் பயப்படத் தேவையில்லை. கடைசி மூன்று மாதத்தில் சூல்வித்தக வடிவம் தாயின் குருதிக்குள் வரும், இரு மடங்கு சாதாரணம். பிள்ளை பெற்ற பிறகு சில வாரத்தில் இறங்கிவிடும். பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்கிறது, என் ஆச்சி நஞ்சுக்கொடி என்பா.

இதில் எனக்கு எப்போதும் பிடித்த விசயம் ஒன்று. அந்த நொதியத்தைச் செய்யும் பரம்பரையலகு பிள்ளையினுடையது, தாயினுடையது அல்ல. அறுபதுகளில் ஹரி ஹரிஸ் என்ற பரம்பரையியலாளரின் குழுவினர் மாப்பொருள் ஜெல்லில் சூல்வித்தகங்களை ஓட்டிப் பார்த்தபோது ஆளுக்காள் வேறுபடும் வகைகள் வந்தன, அவை பிள்ளையின் வகைகள். அதில் பாதி தகப்பனிடமிருந்து வந்தது. ஆக அம்மாவின் றிப்போட்டில் அப்பாவின் பங்கும் இருக்கிறது. அவர் குருதி கொடுக்காமலே.

1968இல் ஒரு நுரையீரல் புற்றுநோயாளியின் குருதியில் இதே சூல்வித்தக வகை கிடைத்தது. மூடியிருக்க வேண்டிய பரம்பரையலகைக் கட்டிக் கலங்கள் திறந்துவிட்டிருந்தன. புகைப்பிடிப்பவர்களிலும் கொஞ்சம் ஏறும். தம்பி, நீங்கள் புகைப்பதில்லைத்தானே?

22 யூன்

புகைப்பதில்லையாம். நேற்றுப் பொசன் போயா, முந்தாநாளே தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) தொடங்கிவிட்டது, இன்றைக்கு வெறும்வயிறு முடியவில்லையாம். பால் சோறும் கடலையும் கொடுக்கும்போது வேண்டாம் என்றால் பாவம்தான். அடுத்த வாரம்.

25 யூன்

124! எல்லைக்குள் வந்துவிட்டது. நன்றி அண்ணா, நீங்கள் சொன்னதுதான் என்று தம்பி எழுதியிருக்கிறார்.

எந்த இடத்தில் எடுத்தீர்கள் தம்பி?

25 யூன், இரவு

நினைத்தேன். வேறு ஆய்வுகூடம். "பம்பலப்பிட்டியில் விலை குறைவு."

ஏஎல்பிக்கு எல்லா இடத்திலும் ஒரே கரைசல் போடுவதில்லை. தாங்கல் கரைசல் மாறினால் எண் மாறும், சில கரைசல்களில் கணிசமாக. இரண்டு இடத்து எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துக் கழித்தல் கணக்குச் செய்ய முடியாது. 27 இறங்கியது றோல்ஸ் இல்லாததாலா, கரைசல் வேறு என்பதாலா? சொல்ல முடியாது. பழைய கிங் ஆம்ஸ்ட்ரோங் அலகில் 10 என்று எழுதிய துண்டோடு வந்து "இப்ப 75 ஆகிவிட்டதே" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் இடத்துக்கே போங்கள். கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு 241 வந்திருக்கிறது, சரியான குழாயில். பல்லைப் பற்றிக் கேட்டேன். அண்ணன்காரனின் முழங்கை பட்டதாம். அதை முதலே சொல்லியிருக்கலாம் அம்மா.

3 யூலை

தம்பி முதல் இடத்துக்குப் போனார், வெறும்வயிற்றில்: 126. அடுத்த நாள் அதே கடையில் ஏழு மணிக்குச் சாப்பிட்டு, பத்தரைக்கு அதே இடத்தில்: 149.

இப்போது நம்புகிறேன். 126ம் எல்லையின் ஓரத்தில்தான் நிற்கிறது, ஆகவே வைட்டமின் டியை ஒருதரம் பார்த்துவிடுங்கள்; முதல் நாள் சொன்னதில் அது ஒன்றை மட்டும் நான் திருப்பி எடுக்கவில்லை.

பரிசோதனைக்கான றோல்ஸ் செலவு என்னுடையது என்று சொல்லியிருந்தேன். பற்றுச்சீட்டை அனுப்பியிருக்கிறார். மட்டன் றோல்ஸ் ஐந்து. தம்பி, முதல் தரம் சாப்பிட்டது இரண்டு.